நொச்சிப் பூவும் சாயக்காரம்மாவின் கண்ணும்

சாயக்காரம்மா வேலைக்குச் சேர்ந்த அன்று என்னிடம் முதலில் கேட்டது சோப்போ பிரஷோ அல்ல. "வடக்குப் பார்த்த ஜன்னல் எங்கண்ணே இருக்கு?" என்றுதான் கேட்டார்.

நான் மூலிகை ஆய்வுக்கூடத்தின் கிடங்குப் பொறுப்பாளன். கண்ணாடிக் குழாய் வேண்டும், வடிதாள் வேண்டும், கையுறை தீர்ந்துவிட்டது என்று வருபவர்களைப் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவன். திசை கேட்டு வந்தவர் அவர் ஒருவர்தான்.

"ஜன்னல் எதுக்கும்மா?" என்றேன்.

"சும்மாதான். நிறம் பாக்க அந்த வெளிச்சம்தான் ஒத்துவரும். பழகின கண்ணு, விட மாட்டேங்குது."

அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. அதற்கு முன்னால் ஒரு சாயப்பட்டறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்திருந்தார். ஈர நூலைத் தலையில் சுமந்து காயப்போடும் வேலையில்தான் சேர்ந்தார். ஒரு நாள் மேஸ்திரி 'சரி' என்று கையெழுத்துப் போட்ட நூல் கட்டுகளைப் பார்த்து, "இதுல பாதி ஒரு தொட்டி, மீதி வேற தொட்டி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். மேஸ்திரிக்குக் கோபம். சரக்கு போன வேகத்தில் திரும்பி வந்தது. வாங்கியவர்களும் அதையேதான் எழுதியிருந்தார்கள். மறுவாரமே அவரை நிறம் பார்க்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். வாடிக்கையாளர் அனுப்பும் துணித் துண்டையும் பட்டறையில் தோய்த்த நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இன்னும் ஒரு துளி சிவப்பு", "மஞ்சள் தூக்கலா இருக்கு" என்று சொல்ல வேண்டும். அவர் 'சரி' என்று சொன்ன பிறகு தொட்டிச் சாயத்தை வடித்துவிடலாம், அந்த நூலை யாரும் மறுபடி பார்க்க வேண்டியதில்லை.

பட்டறையை இழுத்து மூடினார்கள். எட்டு மாதம் வீட்டில் இருந்தார். பிறகுதான் எங்கள் கூடத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது.

வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் பார்ப்பவர். தெருமுனையில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குக் கடை. கிண்டல்காரர். "இனிமே வீட்டுப் பாத்திரத்தையும் மூணு தடவை அலசித்தான் வெப்பியா?" என்று கேட்டாராம். நாத்தனார் வாயோ அதைவிட நீளம். "என்ன அண்ணி, நிறம் பாத்துட்டு இருந்தீங்க, கடைசியில சிங்க்ல வந்து நின்னுட்டீங்களே" என்று விசேஷ வீட்டில் நாலு பேருக்கு நடுவில் சொல்லிவிட்டாள். சாயக்காரம்மா இதையெல்லாம் என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் நாத்தனார் பேச்சு வரும்போது மட்டும் குழாயை அழுத்தித் தேய்ப்பார்.

வேலை சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். குழாய்த் தண்ணீரில் மூன்று முறை, சோப்பில் ஒரு முறை, மறுபடி மூன்று முறை, கடைசியில் வடித்த நீரில் மூன்று முறை. கவிழ்த்து வைத்துக் காயவிட்டு, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் தட்டில் அடுக்குவார். அவர் வந்த பிறகு, குழாய் சரியில்லை என்று யாரும் என் கிடங்குக்கு வரவில்லை.

அந்த வருடம் எங்கள் கூடத்தில் நடந்த பெரிய வேலை நொச்சிச் செடியைப் பற்றியது. வேலியோரம் ஆள் உயரத்துக்கு வளரும் புதர். தலைவலி, மூட்டுவலி என்றால் எல்லோரும் அதன் இலையைத்தான் தேடிப் போவார்கள். பூவை யாரும் கண்டுகொள்வதில்லை. கொத்துக் கொத்தாக, நீலமும் ஊதாவும் கலந்த பொடிப் பூ. இலை பறிக்கும் ஆட்கள் அதை உருவிக் கீழே போட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பூவில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கிளம்பியவர் ஓர் ஆராய்ச்சி மாணவி. வயது முப்பதுக்குள். மூட்டை மூட்டையாகப் பூ வந்து இறங்கியதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'பூ மேடம்'.

ஒரு மதியம், சாப்பாட்டு வேளையில், சாயக்காரம்மா அவரிடம் கேட்டார். "தெனமும் ஊதாத் தண்ணியில பூச்சாறை ஊத்தி ஊத்திப் பாக்குறீங்களே, என்னதான் மேடம் தேடுறீங்க?"

பூ மேடம் கையிலிருந்த ஆப்பிள் துண்டைக் காட்டினார். "இது வெட்டி வெச்சா பழுப்பாகுது இல்லையா அக்கா? இரும்பு துருப்பிடிக்குது. அந்த மாதிரி ஒரு அரிப்பு நம்ம உடம்புக்குள்ளயும் நடந்துட்டே இருக்கு. அதைத் தடுத்து நிறுத்துற பொருள் சில செடியில இருக்கு. ஆன்டிஆக்ஸிடன்ட்னு சொல்றோம். இந்த ஊதாத் தண்ணி சும்மா ஒரு சோதனை மருந்து. பூச்சாறுல அந்தப் பொருள் இருந்தா ஊதா வெளுத்து மஞ்சளாயிடும். எவ்வளவு வெளுக்குதோ அவ்வளவு சத்து."

"அட, நம்ம தொழில்!" என்றார் சாயக்காரம்மா. "நாங்க ஏத்துவோம், நீங்க இறக்குறீங்க."

அன்றிலிருந்து அவருக்கு அந்தக் குழாய்கள் மேல் தனிப் பிரியம். கழுவுவதற்கு முன்பு, சோதனை முடிந்த குழாய்களை வடக்கு ஜன்னலில் வரிசையாக வைத்துப் பார்ப்பார். வீட்டில் பழைய பட்டறை நூல் ஒரு பெட்டி நிறைய இருந்தது. ஒவ்வொரு குழாய் நிறத்துக்கும் பொருத்தமான நூலைத் தேடி எடுத்து, ஓர் அட்டையில் சுற்றி, பக்கத்தில் எவ்வளவு பூச்சாறு என்பதையும் தேதியையும் பென்சிலால் குறித்து வைத்தார். அடர் ஊதாவில் தொடங்கி வைக்கோல் மஞ்சள் வரை பதினைந்து படி. எனக்குக் காட்டினார். "யாருக்கும்மா இது?" என்றேன். "கை சும்மா இருக்க மாட்டேங்குதுண்ணே" என்றார்.

முதல் இரண்டு மாதம் பூ மேடத்துக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இலைச் சாறு ஊதாவைப் பாதி வெளுக்கும் அளவிலேயே, பூச்சாறு முக்கால்வாசியை வெளுத்துவிட்டது. துறைத் தலைவருக்கும் பெருமை. நிதி தரும் குழுவுக்கு நல்ல அறிக்கை போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஒரு வாரம் எல்லாச் சாமானையும் தூக்கி நடைபாதையில் வைத்து, திரும்ப உள்ளே கொண்டுவந்தோம். அதற்குப் பிறகு செய்த சோதனைகள் எல்லாம் ஊத்திக்கொண்டன. அதே பூ, அதே ஊதா மருந்து. ஆனால் நிறத்தை எண்ணாக்கிச் சொல்லும் மெஷின் வேறு கதை சொன்னது. பூச்சாறு கால்வாசிகூட வெளுக்கவில்லையாம். மூன்று முறை திரும்பச் செய்தார் பூ மேடம். மூன்று முறையும் அப்படியே. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த வைட்டமின் சி மட்டும் எப்போதும் போலச் சரியாக வந்தது. அதனால் மெஷின் மேல் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. வெறும் ஊதாவின் எண் கொஞ்சம் இறங்கியிருந்ததைக்கூட, மருந்து பழசாகியிருக்கும் என்று தாண்டிப் போய்விட்டோம்.

தலைவர் எங்களைக் கூட்டினார். கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர். அறிக்கை கொடுக்க மூன்று வாரம்தான் இருந்தது.

"வைட்டமின் சி குழாய் சரியா வருது. பூச்சாறு குழாய் மட்டும் தப்பா வருது. பூச்சாறு பிசுபிசுன்னு ஒட்டுற சரக்கு. கழுவுறதுல மிச்சம் தங்குது. வேற என்ன காரணம் இருக்க முடியும்?" என்று சொல்லிவிட்டுச் சாயக்காரம்மாவைப் பார்த்தார். "என்னம்மா, ஒழுங்கா கழுவுறீங்களா இல்லையா?"

"கழுவுறேன் ஐயா."

"அப்ப அழுக்கு எங்கிருந்து வருது? அடுத்த வாரமும் இப்படியே இருந்தா வேற ஆளைத்தான் போடணும்."

சாயக்காரம்மா முந்தானையால் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை. பூ மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலைவர் அதற்குள் எழுந்து போய்விட்டார்.

அன்று சாயங்காலம் சாயக்காரம்மா நேராகப் பூட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். நடந்ததைக் கேட்டதும் வீட்டுக்காரருக்குக் கிண்டல் வரவில்லை. அரத்தைக் கீழே வைத்தார்.

"நீ கழுவினது சுத்தமா இருந்துச்சா?"

"கண்ணாடி மாதிரி இருந்துச்சு."

"அப்ப அதை விடு. என்கிட்ட வர்றவங்க எல்லாருமே சாவியைத்தான் குத்தம் சொல்லுவாங்க. சாவி கையில இருக்கு, கண்ணுக்குத் தெரியுது. பூட்டுக்குள்ள ஸ்பிரிங் நகர்ந்திருக்கிறது யாருக்குத் தெரியும்? குழாய் என்ன நிறத்துல இருந்துச்சு? அதைச் சொல்லு."

சாயக்காரம்மா அப்படியே நின்றுவிட்டாராம். அவமானத்தில் அதை யோசிக்கவே இல்லை. அன்று காலையில் கழுவிய குழாய்கள் வைக்கோல் மஞ்சளாக இருந்தன. நன்றாக வெளுத்திருந்தன.

மறுநாள் காலையில் அவர் தலைவர் அறைக் கதவைத் தட்டினார். கையில் நூல் அட்டை. நான் எதற்கோ கையெழுத்து வாங்க உள்ளே நின்றுகொண்டிருந்தேன்.

"ஐயா, ஒரு நிமிஷம். இந்த நூல் சுண்ணாம்பு அடிக்கிறதுக்கு முன்னாடி நான் சுத்தினது. இது பூச்சாறு எவ்வளவு ஊத்தினது, என்ன தேதி, எல்லாம் எழுதியிருக்கு. நேத்து அதே அளவு ஊத்தின குழாயும் இதே நிறம்தான். ஒரு இழை மாத்தமில்ல. நிறம் ஒண்ணா இருக்கும்போது எண் மட்டும் எப்படி ஐயா வேற வேறயா வரும்?"

தலைவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். "கண்ணால பாக்குறதெல்லாம் கணக்குல வராதும்மா. அதுக்குத்தானே மெஷின் வெச்சிருக்கோம்."

"என் கண்ணையும் ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க ஐயா. தப்பா இருந்தா நானே போயிடுறேன்."

தலைவர் அட்டையை மேசை மேல் வைத்தார். எனக்குப் பயம். ஆனால் ஆய்வு செய்பவனுக்கு 'சோதிச்சுப் பாருங்க' என்று யாராவது சொன்னால் மறுக்க மனம் வராது போலிருக்கிறது. "சரி. நானே செய்றேன். குழாய்கூடப் புதுசு" என்று எழுந்தார்.

முத்திரை பிரிக்காத பெட்டியை நான்தான் கிடங்கிலிருந்து எடுத்து வந்து அவர் கண்ணெதிரே வெட்டித் திறந்தேன். தலைவர் கதவைச் சாத்திக்கொண்டு பத்துக் குழாய் தயாரித்தார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு அடியில் எண் ஒட்டச் சொன்னார். எந்த எண்ணில் என்ன என்பது எனக்கும் தெரியாது. பட்டியல் அவர் சட்டைப் பையில். அரை மணி நேரம் இருட்டு அலமாரியில் வைத்துவிட்டு, கலைத்துப் போட்ட தட்டை நான் வெளியே தூக்கி வந்தேன். நடக்க நடக்கக் குழாய்கள் கிணுகிணுத்தன.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. பக்கத்து அறை மாணவர்கள், அலுவலகத் தட்டச்சர், காவலாளி எல்லோரும் வாசலில். சாயக்காரம்மா யாரையும் பார்க்கவில்லை. தட்டை வடக்கு ஜன்னலுக்கு எடுத்துப்போய், பின்னால் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தி வைத்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். ஒரு குழாயை எடுப்பார், இன்னொன்றின் பக்கத்தில் வைப்பார், கண்ணை மூடித் திறப்பார், இடம் மாற்றுவார். பூ மேடம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒன்பது குழாய்கள் அடர் ஊதாவிலிருந்து மஞ்சள் வரை வரிசையில் நின்றன. நடுவில் இரண்டு மட்டும் ஒட்டி நின்றன. பத்தாவதைத் தனியே தள்ளி வைத்திருந்தார்.

"அது ஏன் ரெண்டு ஒட்டி நிக்குது?" என்றார் தலைவர்.

"ரெண்டும் ஒண்ணுதானே ஐயா. ஒரே அளவு ஊத்தியிருக்கீங்க."

"தள்ளி வெச்சது?"

"அது பூவே இல்லீங்க. வெளுத்திருக்கு, ஆனா அந்த மஞ்சள் வேற மஞ்சள். பூச்சாறுக்குன்னு ஒரு மஞ்சள் உண்டு, கொஞ்சம் மண்ணு கலந்த மாதிரி. இதுல அது இல்ல. வேற என்னவோ கலந்திருக்கீங்க."

தலைவர் பட்டியலை எடுத்தார். நான் குழாய்களைத் திருப்பி எண்களைப் படித்தேன். முதலாவது வெறும் ஊதா. அடுத்தடுத்து அளவு ஏறிக்கொண்டே போனது, ஒன்றுகூடப் பிசகவில்லை. ஒட்டி நின்ற இரண்டும் ஒரே அளவு. தனியே நின்றது வைட்டமின் சி.

வாசலில் யாரோ விசில் அடித்தார்கள். காவலாளியாகத்தான் இருக்க வேண்டும்.

தலைவர் கை காட்டி அமைதிப்படுத்தினார். அதே குழாய்களை ஒவ்வொன்றாக மெஷினில் வைத்து அவரே எண்களை எழுதினார். எழுத எழுத அவர் நெற்றி சுருங்கியது. மெஷின் சொன்னபடி பார்த்தால், பூச்சாறு அதிகம் ஊற்றிய கடைசிக் குழாயில் நாலாவது குழாயைவிட ஊதா அதிகமாக இருந்தது. குருடனைக் கூப்பிட்டுக் கேட்டால்கூட அப்படிச் சொல்ல மாட்டான். ஒன்று ஊதா, ஒன்று மஞ்சள். இரண்டும் அவர் கண் முன்னால் நின்றன.

அவர் பேனாவை மூடினார். "மூணு வாரமா நான் எண்ணைத்தான் பாத்துட்டு இருந்தேன்" என்று மெதுவாகச் சொன்னார். "குழாயைப் பாக்கவே இல்ல."

மெஷின் மெக்கானிக் மறுநாள் வந்தார். அவர் மூடியைத் திறந்து, விளக்கின் வெளிச்சம் விழும் இடத்தில் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டைச் செருகினார். "ஒளிக்கான எண்ணைச் சரியாத்தான் வெச்சிருக்கீங்க. இந்த எண்ணுக்குக் காகிதத்துல பச்சை வெளிச்சம் விழணும்" என்றார்.

நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். காகிதத்தில் விழுந்தது பளிச்சென்ற நீலம்.

சுண்ணாம்பு அடித்த சமயத்தில் தூக்கி இறக்கியதில் உள்ளே ஒரு சின்னத் திருகு தளர்ந்து, வெளியே முள் ஒரு எண்ணைக் காட்ட, உள்ளே வேறு ஒளி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மஞ்சள் நிறம் நீல ஒளியை விழுங்கும். வைட்டமின் சி நிறமில்லாத பொருள், மருந்து வெளுத்து வந்த வெளிறிய மஞ்சள் மட்டும்தான் அந்தக் குழாயில், அதனால் தப்பித்தது. பூச்சாறுக்குச் சொந்த மஞ்சள் உண்டு.

சாயக்காரம்மாதான் முதலில் பிடித்தார். "அப்ப பூவோட மஞ்சளையும் சேத்து, மிச்சமிருக்கிற ஊதான்னு எண்ணிடுச்சா இது!"

"கரெக்ட்டும்மா, அதேதான்!" என்றார் மெக்கானிக். பூ மேடம் சாயக்காரம்மாவைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். தலைவர் அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். "உங்களை அப்படிக் கேட்டது என் தப்பு. மன்னிச்சிடுங்கம்மா."

"பரவாயில்ல ஐயா. மெஷினுக்கு வாயில்ல, அது என்ன பண்ணும்" என்றார் சாயக்காரம்மா. எல்லோரும் சிரித்தார்கள். தலைவர்தான் அதிகம் சிரித்தார்.

திருகை முடுக்கியதும் எண்கள் பழையபடி எழும்பின. நிதிக் குழுவுக்கு அறிக்கை குறித்த நாளில் போனது. தொலைவிலுள்ள இன்னொரு கூடத்துக்கும் உலர்ந்த பூவை அனுப்பி, அவர்கள் மெஷினில் செய்துபார்க்கச் சொன்னார்கள். அங்கிருந்து வந்த எண்கள் எங்கள் எண்களோடு அச்சு அசலாக ஒத்துப்போயின. "குழாயில வெளுத்ததுக்காக மருந்துன்னு சொல்லிட முடியாது, அதுக்கு இன்னும் எத்தனையோ வேலை இருக்கு" என்று பூ மேடம் எல்லோரிடமும் அடக்கிச் சொன்னாலும், அவர் காலில் சக்கரம் முளைத்திருந்தது. இலை பறிக்கும் ஆட்களுக்கு ஆள் அனுப்பி, பூவைக் கீழே போடாதீர்கள், தனிச் சாக்கில் கட்டுங்கள் என்று சொல்ல வைத்தார். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்களைப் பூவிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும் வேலை தொடங்கியது. பிரிந்து இறங்கும் ஒவ்வொரு துளியின் நிறம் மாறும் நொடியைச் சொல்ல, பக்கத்தில் சாயக்காரம்மா நின்றார். அவர் "இப்ப" என்றால் குழாயை மாற்றுவார்கள்.

அடுத்த வருடம் கூடத்தில் உதவித் தொழில்நுட்பர் இடம் காலியானது. படிப்புச் சான்றிதழ் இல்லாதவரைத் தேர்வுக்கே கூப்பிட முடியாது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். தலைவர் இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதி, தானே எடுத்துப்போய் மேலிடத்தில் உட்கார்ந்து பேசி, செய்முறைத் தேர்வுக்கு அனுமதி வாங்கி வந்தார். ஏழு பேர் கலந்துகொண்டார்கள். ஆறு பேர் பட்டயம் படித்தவர்கள். சாயக்காரம்மா முதலாவதாக வந்தார். பணி ஆணையை வாங்கிக்கொண்டு கிடங்குக்கு வந்தவர், என் மேசை மேல் அதை விரித்து வைத்து, "படிங்கண்ணே, சத்தமா" என்றார். இரண்டு முறை படித்தேன்.

அந்த வாரம் நாத்தனார் அக்கம்பக்கத்தில் வீடு வீடாகப் போய், "எங்க அண்ணி ஆராய்ச்சி பண்றாங்க, மெஷினே தோத்துப்போச்சு" என்று சொன்னாளாம். "நான் சொல்லலாம்னு நினைச்சேன், அவ எனக்கு வேலையே வைக்கல" என்றார் சாயக்காரம்மா.

பூ மேடத்தின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு அதற்கடுத்த வருடம் நடந்தது. அரங்கம் நிறைந்திருந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வெண்தாடி வைத்தவர், கறாரானவர். கேள்வி மேல் கேள்வி. எல்லாவற்றுக்கும் பூ மேடம் திணறாமல் பதில் சொன்னார். கடைசியில் தேர்வாளர் ஆய்வேட்டின் ஒரு பக்கத்தைத் தட்டிக் கேட்டார். "இங்க மூணு வார முடிவுகளைத் தள்ளிட்டதா எழுதியிருக்கீங்க. மெஷின் கோளாறுன்னு. வேண்டாத முடிவு வந்தா எல்லாருமே சொல்றதுதான் இது. கோளாறுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

பூ மேடம் அரங்கத்தின் பக்கம் கையைக் காட்டினார். "கண்டுபிடிச்சவங்க இங்கேயே இருக்காங்க சார். அவங்களே சொல்லலாமா?"

தேர்வாளர் தலையசைத்தார். நாலாவது வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாயக்காரம்மா எழுந்தார். முதல் வாக்கியத்தில் குரல் கொஞ்சம் பிசிறியது. இரண்டாவதில் சரியாகிவிட்டது. பத்துக் குழாய், ஒட்டி நின்ற இரண்டு, தள்ளி வைத்த ஒன்று, காகிதத்தில் விழுந்த நீலம் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். இடையில் தேர்வாளர் ஒரு கேள்வி போட்டார். "பூச்சாறோட மஞ்சளும் மத்த மஞ்சளும் வேறன்னு எதை வெச்சு முடிவு பண்ணீங்க?"

"சார், அது பார்த்தாலே தெரியும்னு நான் சொன்னா நீங்க ஏத்துக்க மாட்டீங்க. அதனால அப்புறமா ஊதா மருந்தே கலக்காம வெறும் பூச்சாறை எல்லா அளவுலயும் தனியா அளந்து வெச்சோம். எண்பத்தி மூணாம் பக்கத்துல இருக்கு."

தேர்வாளர் பக்கத்தைப் புரட்டினார். படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கை தட்ட ஆரம்பித்தார். அரங்கமே எழுந்து நின்று தட்டியது. தலைவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார். சாயக்காரம்மாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மேடையில் கண்ணீரும் சிரிப்புமாக நின்ற பூ மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கம்மா" என்று நான்தான் புடவை நுனியை இழுத்தேன்.

"இருங்கண்ணே" என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் நின்னுக்கறேன்."